தருமனுக்குத் தேதி இல்லாமல் போனது

2024 ஜூன் பன்னிரண்டாம் தேதி உயர் நீதிமன்றம் தருமனின் தண்டனையை ரத்து செய்தது. அன்று காலைவரை அவருக்கு ஒரு விடுதலைத் தேதி இருந்தது: செப்டம்பர் நான்கு. மாலையில் அது இல்லாமல் போயிற்று. குற்றவாளியாக இருந்தவரைக்கும் எப்போது வெளியே போவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குற்றவாளி அல்ல என்று ஆன பிறகு தெரியவில்லை.

தருமனுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. தண்டராம்பட்டுப் பக்கத்து கிராமத்தில் பிறந்தவர். அப்பாவின் மூன்று பிள்ளைகளுக்கு நடுவே பங்கு போட முடியாத அளவுக்கு நிலம் சிறியதாக இருந்ததால் திருவண்ணாமலைக்கு வந்தார். செங்கம் சாலையில், ரமணாசிரமம் தாண்டி ஒரு தங்கும் விடுதியில் பதினொரு வருடம் வேலை பார்த்தார். முன்பக்கம் சாதாரண அறைகள். பின்பக்கம் நான்கு அறைகள் மௌனம் இருக்க வருகிறவர்களுக்கு. பத்து நாள், இருபத்தொரு நாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். பேச மாட்டார்கள், வெளியே வர மாட்டார்கள். அதற்காக நிறையச் செலவழித்துத் தொலைதூரத்திலிருந்து வந்திருப்பார்கள். தருமன் சாப்பாட்டுத் தட்டை ஜன்னலில் வைப்பார், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார், கதவுக்கு வெளியே ஒரு சிலேட்டில் வெளியேறும் தேதியைச் சாக்பீஸால் எழுதி வைப்பார். நான்காம் நாள் யாராவது ஒருவர் ஜன்னலைத் திறந்து கண்ணாலேயே கேட்பார். தருமன் ஆறு விரலைக் காட்டுவார். ஜன்னல் மூடிக்கொள்ளும். மனம் அடங்கும்வரை இருக்கிறேன் என்று தேதி சொல்லாமல் வந்த ஒரு ஜெர்மன்காரர் மட்டும் இரண்டாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தேதி இல்லாமல் யாராலும் ஓர் அறைக்குள் இருக்க முடியாது என்று தருமன் அன்றே மனைவியிடம் சொன்னார். தன்னைப் பற்றிச் சொல்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

2020 பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வரும்போது விடுதியின் குழாய் இணைப்பை உடைத்தது. ஓட்டியவர் பெயர் மண்ணாங்கட்டி. தருமன் கத்தினார். மண்ணாங்கட்டி இறங்கி வந்து அதைவிடச் சத்தமாகக் கத்தினார். கையும் கையும் சிக்கின. மண்ணாங்கட்டி மல்லாந்து விழுந்து, சாக்கடை மூடியின் விளிம்பில் தலை அடிபட்டது. அவரை ஆட்டோவில் ஏற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் தருமன். போலீஸ் அவரை அங்கேதான் கைது செய்தது. மூன்றாம் நாள் மண்ணாங்கட்டி இறந்தார். அவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். இந்தக் கதை பெரும்பாலும் தருமனைப் பற்றியது என்பதால் அவர்களுடைய துக்கம் சிறியதாகிவிடாது.

தள்ளினாரா? இந்தக் கேள்விக்குத் தருமனிடமே பதில் இல்லை. அவர் கை மண்ணாங்கட்டியின் மேல் இருந்தது. அது தள்ளிய கையா, விழப்போகிறவரைப் பிடித்த கையா என்பதைக் கண்மூடி எத்தனையோ முறை பார்த்துவிட்டார். ஒருநாள் தள்ளியதுபோல் தோன்றும், மறுநாள் பிடித்ததுபோல் தோன்றும். முழுவதையும் பார்த்த ஒரே ஆள் எதிரே டீக்கடை வைத்திருந்த கருப்பன். "ரெண்டு பேரும் கட்டிப் புரண்டாங்க, இவரு கை பட்டு அவரு வுழுந்தாரு" என்று அவர் போலீசில் சொல்லியிருந்தார். கை எங்கே பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கு கொலை ஆகாத மரணம் விளைவித்தது என்ற பிரிவில். அதிகபட்சம் பத்து வருடம். கொரோனா வந்தது. கூட்டத்தைக் குறைக்கச் சிறைகளிலிருந்து சிலரை ஜாமீனில் அனுப்பினார்கள். ஏழு வருடம்வரை தண்டனை உள்ள வழக்குகளுக்குத்தான் அந்த வாய்ப்பு. தருமன் மூன்று வருடத்தால் தவறவிட்டார். நீதிமன்றங்கள் மூடின, திறந்தன, மறுபடி மூடின. ஜாமீன் மனுக்கள் இரண்டும் தள்ளுபடியாயின. அவருடைய வழக்கில் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தபோது 2022 மார்ச் வந்துவிட்டது.

குறித்த நாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு இருந்த தடை நீங்கியிருந்த சமயம். இரண்டு வருடப் பக்தியும் ஒரே நாளில் ஊருக்குள் வந்தது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தருமனின் வக்கீல் செங்கத்திலிருந்து வர வேண்டியவர். பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குள் காலையிலேயே வந்துவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. தற்காலிக பஸ் நிலையத்தில் இறங்கி, கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, லட்சக்கணக்கான பேரோடு சேர்ந்து நடந்தார். நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தபோது கருப்பன் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று பதிவாகியிருந்தது. ஏப்ரல் பதினொன்றாம் தேதி ஐந்து வருடம் தண்டனை.

தண்டனைக் கைதியான பிறகு தருமன் ஒழுங்காகிவிட்டார் என்று சொல்லலாம். 2020 முதலே அவர் அடைபட்டிருந்த, ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலிருந்த மத்தியச் சிறையில் அவருக்கு வெள்ளை உடையும், ஒரு எண்ணும், சமையல் கூடத்தில் வேலையும் கிடைத்தன. அறுநூறு பேருக்குச் சாம்பார். மூன்று மாதத்தில் உப்புப் பார்க்கிற பொறுப்பு அவரிடம் வந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்களைக் கழித்து, நன்னடத்தைக்காக ஐந்து மாதத்தையும் கழித்து, செப்டம்பர் நான்கு என்று அவருடைய தேதி வந்து நின்றது. அதை அவர் தினமும் நினைத்துப் பார்த்தார் என்றில்லை. அது இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

நடுவே ஒரு மேல்முறையீடும் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் சட்ட உதவி மையம் அமர்த்திய இளம் வழக்கறிஞர் அருணாதேவி. முக்கியமான சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லாமலே ஒருவரைத் தண்டித்திருக்கிறார்கள் என்பது அவருடைய ஒரே வாதம். உயர் நீதிமன்றம் அதை முழுவதுமாக ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு ரத்து, விசாரணையை முதலிலிருந்து நடத்த வேண்டும், ஜாமீன் வேண்டுமானால் விசாரணை நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்ளலாம். சட்டப்படி இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

மறுநாள் காலை வார்டர் வல்லரசு சமையல் கூடத்துக்கு வந்தார்.

"யோவ் தருமா, வெள்ளைத் துணியக் கழட்டிக் குடு. இனிமே நீ தண்டனைக் கைதி இல்ல."

"அப்ப வூட்டுக்குப் போலாமா சார்?"

"வூட்டுக்கா? நல்லாருக்கே! நீ இப்ப விசாரணைக் கைதி. அந்த பிளாக்குக்குப் போவணும்."

"அதான் விசாரிச்சிட்டாங்களே சார்."

"அது செல்லாதாம். திரும்ப விசாரிப்பாங்களாம்."

"நான் உள்ள இருந்ததும் செல்லாதா?"

வல்லரசு அடுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அது நடந்துபோச்சுய்யா. ஆனா அதப் பத்தி பேப்பர்ல ஒண்ணும் எழுதல."

"செப்டம்பர் நாலு?"

"அது தண்டனைக்குப் போட்ட தேதி. தண்டனையே இல்லன்றாங்க, தேதி மட்டும் எங்கேர்ந்து வரும்? கரண்டிய வச்சிட்டு வா. விசாரணைக் கைதி கிச்சன்ல நிக்கக் கூடாது."

அன்று மதியம் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. "தருமனை விடுதலை பண்ணதுக்கு எங்களுக்கு ஏண்டா தண்டனை?" என்று தண்டனைப் பிரிவிலிருந்து யாரோ கத்தியது விசாரணைப் பிரிவு வரைக்கும் கேட்டது.

அந்த வாரமே தங்கம்மாள் பார்க்க வந்தார். அவர் தருமனின் மனைவி. வேங்கிக்காலில் புதிதாக வந்த குடியிருப்பில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கிறார். விசாரணைக் கைதியை முன்பைவிட அடிக்கடி வந்து பார்க்கலாம் என்று வாசலில் சொன்னார்கள். நல்ல செய்தி போலத்தான் சொன்னார்கள்.

"மேடம் போன் பண்ணி ஜெயிச்சிட்டோம்னாங்க. கோயிலாண்ட போய் கற்பூரம் ஏத்தினேன். தெருவுல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். எப்பயா வர?"

"தெரியல தங்கம்."

"இன்னாது, தெரியலயா? தோத்தப்ப தேதி தெரிஞ்சுது. ஜெயிச்சா தெரியாதா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப இன்னாத்துக்குயா ஜெயிச்ச?"

தருமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கம்மாளுக்கு வரவில்லை. லட்டு வாங்கியவர்கள் தினமும் வழிமறித்துக் கேட்கிறார்கள் என்றும், இனி அவர்களுக்குத் தான் என்ன பதில் சொல்வது என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

பதில் சொல்ல வேண்டியவர் அருணாதேவி. வென்ற வழக்கின் விளைவை நேரில் வந்து பார்க்கிற வழக்கறிஞர்கள் குறைவு, அவர் வந்தார். கம்பிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சாதாரண ஜாமீன் கஷ்டம், ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளுபடி ஆயிருக்கு. ஆனா ஜூலையிலிருந்து புதுச் சட்டம் வருது. முதல் தடவை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கு இருக்கிற அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியா இருந்துட்டா, ஜாமீன்தாரர் இல்லாம சொந்தப் பத்திரத்துல விட்டாகணும். உங்க வழக்குல அது மூணு வருஷம் நாலு மாசம்."

"நான் நாலு வருஷம் நாலு மாசமா இருக்கேனே மேடம்."

"இருக்கீங்க. ஆனா அதுல ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் ஒரு நாள் தண்டனைக் கைதியா இருந்தீங்க. அதை விசாரணைக் காலமா எண்ணக் கூடாதுன்னு அரசுத் தரப்புல சொல்வாங்க."

"சரி, அப்ப தண்டனையா எண்ணட்டும்."

"தண்டனைதான் ரத்தாயிடுச்சே."

அந்த நாட்களில் தினமும் காலை நான்கு மணிக்கு எழுந்து பருப்பை ஏற்றியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நடந்த ஒன்று எந்தத் தலைப்பின் கீழும் வராததால் நடக்காததாகிவிடும் என்பதைப் புரிந்துகொள்ள அவர் உண்மையாகவே முயன்றார்.

"எண்ணலன்னா எப்ப வருவேன்?"

"அடுத்த வருஷம் ஆகஸ்ட். அதுக்குள்ள விசாரணை முடியலன்னா." அருணாதேவி தயங்கினார். "இன்னொரு வழி இருக்கு. நான் சொல்லக் கூடாது, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். புதுசா குற்றச்சாட்டைப் படிச்சு, ஒத்துக்கறீங்களான்னு ஜட்ஜ் கேப்பாங்க. ஆமான்னு சொன்னா, இருந்த காலமே தண்டனையா போதும்னு அநேகமா அன்னைக்கே விட்டுடுவாங்க. அப்ப எல்லா நாளும் கணக்குல வந்துடும்."

"அப்ப கருப்பனை?"

"கூப்பிட மாட்டாங்க. தேவை இருக்காது."

ஆக, குற்றமற்றவராகக் கருதப்படும் ஒருவர் வெளியே வர மிகக் குறுகிய வழி, குற்றத்தை ஒப்புக்கொள்வது. சட்டம் இதை வேண்டுமென்று அமைக்கவில்லை. பல நல்ல எண்ணங்களைத் தனித்தனியே கட்டி, நடுவில் ஒரு ஆளை நிறுத்தினால் இப்படி ஆகிவிடுகிறது.

தங்கம்மாளுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. "ஆமான்னு சொல்லிட்டு வா. ஊர்ல எல்லாரும் நீதான் தள்ளினன்னு எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. புதுசா ஒண்ணும் ஆவப் போறதில்ல."

"எனக்கே தெரியாதப்ப எப்படிச் சொல்றது?"

"தெரிஞ்சவங்க மட்டும்தான் பேசணும்னா இந்த ஊர்ல யாரு பேசறது?"

குற்றச்சாட்டு வாசிக்கும் நாளன்று, ஆகஸ்ட் மாதம், தங்கம்மாள் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். கணவர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டால் மாலையில் போட்டுக்கொண்டு வர வேண்டிய சட்டை.

புதிய நீதிபதி குற்றச்சாட்டை மெதுவாகப் படித்து விளக்கினார். "ஒப்புக்கொள்கிறீர்களா?"

தருமன் கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். கதவுக்கு வெளியே தங்கம்மாளின் புடவை தெரிந்தது.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"ஆமாம், இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"கை பட்டுதுங்க. தள்ளுனனா, புடிக்கப் போனனா, தெரியல. கருப்பன் பாத்தாரு. அவரைக் கேட்டாத் தெரியுங்க."

நீதிபதி தட்டச்சரிடம் திரும்பினார். 'எதிரி குற்றத்தை மறுத்து விசாரணை கோரினார்' என்று பதிவாயிற்று. அவர் மறுக்கவில்லை, ஆனால் தெரியாது என்று சொல்கிறவருக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. மெய்ஞ்ஞானம் தேடி உலகமே வந்து இறங்குகிற ஊரில், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒருவருக்காக ஓர் இடம் ஒதுக்க நேரம் வந்ததில்லை போலிருக்கிறது.

தங்கம்மாள் சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அடுத்த இரண்டு வாரம் சிறைக்கு வரவில்லை.

இனி மிச்சமிருந்தது எண்ணிக்கை ஒன்றுதான். யாருக்கெல்லாம் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது என்று பட்டியல் எடுத்து நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது சிறையின் பொறுப்பு. பட்டியல் போனது. தருமனின் பெயர் அதில் இல்லை. விசாரணைக் கைதிகளின் பதிவேட்டில் அவர் 2024 ஜூன் பதின்மூன்றாம் தேதி வந்த புது ஆள். எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. பழைய எண்ணை மூடிப் புது எண் போட்டால், சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் அன்றைய தேதியை எழுதுவதுதான் அங்கே வழக்கம்.

அருணாதேவி தனியாக மனுப் போட்டார். கூடவே சிறையின் வாசல் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கினார். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர், எல்லோருக்கும் வாசலில் ஒரு வரி எழுதுவார்கள். மனு விசாரணைக்கு வந்த நாள் செப்டம்பர் நான்கு. தண்டிக்கப்பட்டவராகவே இருந்திருந்தால் தருமன் அன்று காலை வெளியே வந்திருப்பார்.

அரசு வழக்கறிஞர் நல்ல மனிதர். சத்தம் போடாமல் வாதாடினார். "ஐயா, விசாரணையின்போது அடைக்கப்பட்டிருந்த காலத்தைத்தான் சட்டம் சொல்கிறது. நடுவில் இருந்தது தண்டனைக் காலம். அதைச் சேர்க்க முடியாது."

"தண்டனை ரத்தாகிவிட்டதே," என்றார் நீதிபதி.

"ஆமாம் ஐயா. அதனால் அது தண்டனைக் காலமும் இல்லை."

"பிறகு அது என்ன?"

அரசு வழக்கறிஞர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "அதற்குத் தனியாகப் பெயர் எதுவும் சொல்லப்படவில்லை, ஐயா."

அருணாதேவி நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. வாசல் பதிவேட்டின் நகலை மேலே கொடுத்தார். "விசாரணைப் பதிவேட்டின்படி இவர் ஜூன் பதின்மூன்றாம் தேதி உள்ளே வந்திருக்கிறார். வாசல் பதிவேட்டில் அன்று அப்படி ஒருவர் உள்ளே போகவில்லை. 2020இல் போயிருக்கிறார். நீதிமன்றத்துக்குப் போய் வந்ததைத் தவிர வெளியே போகவே இல்லை."

நீதிபதி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வெளியே போகாதவர் எப்படிப் புதிதாக உள்ளே வந்தார்?" என்று பொதுவாகக் கேட்டார். உத்தரவுக்காக ஒரு வாரம் தள்ளி வைத்தார்.

பதினொன்றாம் தேதி உத்தரவு வந்தது. எந்தப் பெயரில் அடைத்து வைத்திருந்தாலும் அடைத்து வைத்த நாள் அடைத்து வைத்த நாள்தான். முழுக் காலமும் எண்ணப்பட வேண்டும். சொந்தப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். நான்கு வரியில் எழுதியிருந்தார். இதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது என்பதை மறந்துவிட்டால் பாராட்டத்தக்க உத்தரவு.

தாள்கள் சிறைக்குப் போய்ச் சேர்ந்து, பதின்மூன்றாம் தேதி பகலில் தருமன் வெளியே வந்தார். குற்றவாளியாக இருந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய நாளைவிட ஒன்பது நாள் தாமதம். வாசல் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே காலியாக இருந்த கட்டத்தை எழுத்தர் நிரப்பினார். வல்லரசு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "போய்ட்டு வரேன்னு சொல்லிடாதய்யா," என்றார்.

தங்கம்மாள் வந்திருந்தார். ஆனால் சட்டை கொண்டு வரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி வழியில், நடத்துனர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்த பிறகு கேட்டார்.

"அந்தக் கருப்பன் எப்ப வரான்?"

"அக்டோபர் இருவத்திரெண்டு. இந்தத் தடவை மேடமே முன்னாடி நாள் ராத்திரி வந்து தங்கிடறேன்னிருக்காங்க."

"இன்னா கேப்பாங்க?"

"என் கை எங்க இருந்துதுன்னு. மண்ணாங்கட்டி நெஞ்சுலயா, இல்ல அவன் கையப் புடிச்சிகினு இருந்துதான்னு."

"நெஞ்சுலதான்னு சொல்லிட்டான்னா?"

"திரும்ப உள்ள போவணும். மிச்சம் கொஞ்ச நாள்தான் இருக்கும். இருந்துட்டு வரேன். மண்ணாங்கட்டி பொண்டாட்டியாண்ட போய் ஒரு வார்த்தை பேசணும், அந்தப் பொண்ணுங்களையும் பாக்கணும். அதெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்."

தங்கம்மாள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இப்போதுதான் தோன்றியதுபோல் திரும்பினார்.

"புடிச்சிகினு இருந்தாரு, தள்ளலன்னு சொல்லிட்டான்னா? அப்ப இந்த நாலரை வருஷம் இன்னா ஆவும்?"

தருமன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தார். ஆமாம் என்ற பதிலோடு வாழ்வது எப்படி என்று நாலரை வருடம் தன்னைத் தயார் செய்திருந்தார். இல்லை என்ற பதிலை ஒரு நாளும் அவ்வளவு தூரம் பின்தொடர்ந்து போனதில்லை.

"மேடத்தைத்தான் கேக்கணும்," என்றார்.